ஒன்றரை நூற்றாண்டை உடைத்துப் பார்த்த கதை

செஸ்க்விசென்டென்னியல்.

நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். பல்செட் போட்டவர்கள் ஜாக்கிரதை. நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் வார்த்தை இது. காபி குடிக்கும்போது வராது, பஸ்ஸில் சண்டை போடும்போது வராது. ஷாமியானா, மைக், குத்துவிளக்கு, பொன்னாடை, 'சிறப்பு விருந்தினர் அவர்களே' எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் மட்டும் திடீரென்று முளைக்கும்.

எங்கள் தென்னூரில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வயசு எண்பதை நெருங்குகிறது. அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு (பேர் வேண்டாமே) 150 வருஷம் ஆனபோது, பழைய மாணவர்களில் மூத்தவர் என்று வரவேற்புரையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். உரையை எழுதிக் கொடுத்தது விழாக் கமிட்டி. ஒன்றரைப் பக்கம், இங்கிலீஷ். அதில் மூன்று இடத்தில் இந்த வார்த்தை. காகிதத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இது என்னய்யா, கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கு? எங்க நிறுத்தணும், எங்க மூச்சு விடணும்?"

சிரிக்கிற விஷயமாகத்தான் எனக்கு முதலில் பட்டது. அவர் சிரிக்கவில்லை. எழுபதுகளில் ஏதோ ஒரு ஆசிரியர் கூட்டத்தில் 'எபிடமி' என்று சொல்லவேண்டிய வார்த்தையை எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்று வாசித்துவிட்டாராம். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் எதையோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்களாம். அன்றைக்கு அவர் பேசியது அல்ஜீப்ராவை எளிதாகச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று. அதெல்லாம் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. ஊருக்குத் திரும்பி ரெண்டு வருஷத்துக்கு ஸ்டாஃப் ரூமில் அவர் பேர் 'எபிடோம்'. அதற்கப்புறம் இங்கிலீஷில் மேடை ஏறியதில்லை என்றார்.

அந்த வார்த்தையை அவருக்காக உடைக்க உட்கார்ந்தவன்தான், அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் உடைப்பதைப் பற்றி. ஒரு வார்த்தையை இரண்டு விதமாக உடைக்கலாம் என்பது தமிழ் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். அசை பிரிப்பது வேறு, பதம் பிரிப்பது வேறு. நேர், நிரை என்று அசை பிரிப்பவன் ஓசையைப் பார்க்கிறான். அர்த்தம் நடுவில் அறுபட்டாலும் கவலைப்படமாட்டான். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் பதவியல் சொல்கிறபடி பிரிப்பவன் அர்த்தம் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று பார்க்கிறான். ஒரே குறளை ரெண்டு பேரும் வெட்டினால் ரெண்டு வேறு இடங்களில் வெட்டு விழும்.

ஆங்கில அகராதியில் வார்த்தைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளி வைத்திருப்பார்களே, அது உச்சரிப்பதற்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அச்சுக் கோர்ப்பவருக்கு. வரி முடிகிற இடத்தில் வார்த்தை மிச்சம் இருந்தால் எங்கே ஹைஃபன் போட்டு மடக்கலாம் என்பதற்கான அடையாளம். நம் வார்த்தையை அந்தக் கணக்கில் வெட்டினால் செஸ்-க்வி-சென்-டென்-னி-அல், ஆறு துண்டு. அதே அமெரிக்க அகராதி பக்கத்திலேயே உச்சரிப்பைத் தனியாகக் கொடுக்கும்போது வேறு இடத்தில் வெட்டுகிறது: செ-ஸ்க்வி-சென்-டெ-னி-அல். 'ஸ்' முதல் துண்டிலிருந்து கழன்று இரண்டாவதில் போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு 'ன்'னில் ஒன்று காணாமலே போய்விடுகிறது. பதம் பிரித்தால் மூன்றாவது விதம்: செஸ்க்வி, சென்ட், என்னி, அல். அதாவது ஒன்றரை, நூறு, வருஷம், கடைசியில் ஒரு விகுதி. லத்தீனில் வருஷத்துக்கு 'அன்னுஸ்'. கூட்டுச் சொல்லுக்குள் நுழையும்போது அது 'என்னி' ஆகிவிடும். நம்மூர் விகாரம் மாதிரித்தான்.

இந்த வெட்டுக்கு ஒரு பழைய சண்டையே உண்டு. நோவா வெப்ஸ்டர் 1783இல் நீல அட்டை போட்ட ஒரு ஸ்பெல்லிங் புத்தகம் கொண்டுவந்தார். அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது அது. அதற்கு முன் பிள்ளைகளுக்கு 'பி-ஷப்', 'ஹா-பிட்' என்று வெட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். வாய் அப்படியா சொல்கிறது, 'பிஷ்-அப்', 'ஹாப்-இட்' என்று காது கேட்கிறபடி வெட்டுங்கள் என்றார் வெப்ஸ்டர். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் எழுத்தைப் பார்த்துப் படிப்பதா, காதைக் கேட்டுப் படிப்பதா என்ற பெரிய விஷயம் அதற்குள் இருக்கிறது. நம்மூரில் பெரும்பாலானவர்கள் இங்கிலீஷைக் கண்ணால் கற்றவர்கள். 'வெட்-னெஸ்-டே' என்று மனசுக்குள் சொல்லித்தானே இன்றைக்கும் புதன்கிழமைக்கு ஸ்பெல்லிங் எழுதுகிறோம்? ஸ்பெல்லிங் தப்பாது. மைக் முன்னால் அதையே சொன்னால் தப்பாகிவிடும். வாத்தியாரின் எபிடோம் அப்படி வந்ததுதான். அறியாமை என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

(தமிழில் இந்த மடக்கல் தொல்லையே கிடையாது. ஓலைச்சுவடியில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவிலேயே இடம் விடமாட்டார்கள். ஓலை தீர்ந்தால் அடுத்த வரி. நம் தினசரிகள் இன்றைக்கும் பத்தியின் ஓரம் வந்தால் ஹைஃபன்கூடப் போடாமல் வார்த்தையை அப்படியே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகின்றன. நாமும் படித்துவிட்டுப் போகிறோம்.)

சரி, இந்த வார்த்தை எப்படி வந்தது?

அமெரிக்கா சுதந்திரம் அறிவித்தது 1776. நூறு வருஷம் ஆனதை 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் பெரிய பொருட்காட்சி வைத்துக் கொண்டாடினார்கள். அதற்கப்புறம்தான், அந்த நூற்றாண்டின் கடைசிக் கால்வாசியில், அங்கே ஊருக்கு ஊர் 150 வருஷக் கணக்குப் பார்க்க ஆரம்பித்து இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. 1926இல் மறுபடி அதே ஃபிலடெல்ஃபியாவில் 150ஆவது வருஷப் பொருட்காட்சி. அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் ஹைஃபன் உண்டு: 'செஸ்க்வி-சென்டென்னியல்'. எங்கே போட்டார்கள் பாருங்கள், அசைக்கு அசை இல்லை, ஒன்றரைக்கும் நூற்றாண்டுக்கும் நடுவில் பதம் பிரித்து ஒரே ஒரு கோடு. வாசலில் 80 அடி உயரத்துக்கு லிபர்ட்டி பெல் மாதிரி ஒன்றைக் கட்டி ஆயிரக்கணக்கான பல்புகளை எரியவிட்டார்கள். மழை விடாமல் கொட்டி, எதிர்பார்த்த கூட்டம் வராமல், கடைசியில் பெரிய நஷ்டம். ஜனம் திரண்டு வந்தது அங்கே நடந்த டெம்ப்ஸி–டன்னி குத்துச்சண்டைக்குத்தான். :-) ஆனால் வார்த்தை ஜெயித்துவிட்டது.

பிரிட்டிஷ்காரர்கள் இதையே வேறு வால் ஒட்டி 'செஸ்க்விசென்டீனரி' என்பார்கள். 'சென்டென்னியல்' அமெரிக்கன், 'சென்டீனரி' பிரிட்டிஷ், ரெண்டும் ஒன்றுதான். திருச்சியில் நாம் பழகியது 'சென்டினரி'. நேஷனல் காலேஜ் 1919இல் வந்தது, 2019இல் நூறு. ஹோலி கிராஸ் 1923, 2023இல் நூறு. பிஷப் ஹீபர் இதே திருச்சியில் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி குளிக்கப் போன இடத்தில் தண்ணீரிலேயே இறந்துபோனார். கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப், அன்றைக்குக் காலையில்கூட இங்கே ஆராதனை நடத்தியவர். 2026 ஏப்ரலோடு அதற்கு இருநூறு வருஷம், அதாவது 'பைசென்டினரி'. நூறுக்கும் இருநூறுக்கும் தொல்லை இல்லை. நடுவில் இருக்கிற 150தான் ஆளைப் படுத்துகிறது.

1857இல் ஆரம்பித்த கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 2007இல் 150ஐத் தொட்டன. இந்தியாவில் இந்த வார்த்தைக்கு நல்ல யோகம் அடித்த வருஷம் அதுவாகத்தான் இருக்கும். திருச்சி நகராட்சி 1865ஆம் வருஷத்துச் சட்டப்படி 1866இல் வந்தது. அதற்கு 2016இல் 150. ஆனால் நகராட்சி 1994இலேயே மாநகராட்சி ஆகி, ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஆள் பெயரை மாற்றிக்கொண்டபின் பிறந்தநாள் யாருக்கு என்று ஒரு குழப்பம் வரத்தான் செய்யும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த 150 எல்லாம் சில்லறை. ராமாநுஜருக்கு ஆயிரமாவது வருஷத்தை 2017இல் கொண்டாடியவர்கள் அவர்கள். அதற்கு 'சஹஸ்ராப்தி' என்று தெளிவாக ஒரு வடமொழிச் சொல்லும் கைவசம் இருந்தது.

வடமொழி என்றதும் ஞாபகம் வருகிறது. 150க்கு வடக்கே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'சார்த்த சதி'. விவேகானந்தர் பிறந்த 150ஆவது வருஷத்தை 2013இல் அந்தப் பெயரில் கொண்டாடினார்கள். ச + அர்த்த என்றால் 'அரையோடு'. அரையோடு கூடிய நூறு. அருமையான சொல்தான், லத்தீன் செஸ்க்விக்கு அச்சு அசல் அண்ணன் தம்பி. ஆனால் தமிழ்நாட்டில் இதை பேனரில் போட்டால் என்ன ஆகும்? சதியா, யார் செய்த சதி என்று கேட்பார்கள். :-)

மேடை இங்கிலீஷ் என்று பேசும்போது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரைச் சொல்லாமல் போனால் காவேரித்தண்ணி குடித்தவனுக்கு அழகில்லை. 1869 செப்டம்பர் 22இல் பிறந்தவர், காந்தியைவிடச் சரியாகப் பத்து நாள் மூத்தவர். கும்பகோணம் காலேஜில் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கி, திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்தவர். பிறகு லண்டன், ஜெனீவா, வாஷிங்டன், தென்னாப்பிரிக்கா என்று இந்தியாவுக்காகப் பேசப் போனார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று அவர்களே பட்டம் கொடுத்தார்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதுதான் உச்சரிப்பு என்று ஒரு தலைமுறையே நம்பியது. எங்கள் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்த அதிகாரியும் அந்தக் காலத்து மிச்சம்தான் என்று நினைக்கிறேன். சாஸ்திரியாரின் படிப்பு வராமல், பிறத்தியார் தப்பைப் பிடிக்கிற பழக்கம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர்.

இதே சாஸ்திரியாரைத்தான் 1940இல் சென்னை மாகாண அரசு ஒரு கலைச்சொல் குழுவுக்குத் தலைவராகப் போட்டது. இங்கிலீஷ் பாடச் சொற்களுக்கு இணையான சொற்கள் கண்டுபிடிப்பது வேலை. குழுவின் சாய்வு வடமொழிப் பக்கம் என்று தமிழறிஞர்கள் கொதித்துப்போனார்கள். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ஏற்கெனவே 1938இல் தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டிருந்தது. கையில் இருக்கிறதை விட்டுவிட்டு ஏன் அங்கே போகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இதில் கட்சி உண்டு, மறைக்கவில்லை. சாஸ்திரியாரின் இங்கிலீஷுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்தச் சண்டையில் நான் தமிழ்ச் சங்கத்துப் பக்கம். காந்திக்கு 2019இல் 150 வந்தபோது நாடே கொண்டாடியது. பத்து நாள் முன்னால் சாஸ்திரியாருக்கும் 150 வந்து போனது. விழா எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்ற பயம் நமக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஃபிலடெல்ஃபியாவில் மழையில் பொருட்காட்சி நடந்த அதே 1926இல், லண்டனில் பிபிசி ஒரு கமிட்டி போட்டது. அறிவிப்பாளர்கள் சந்தேகமான வார்த்தைகளை எப்படி உச்சரிப்பது என்று முடிவுசெய்ய. தலைவர் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், உறுப்பினர்களில் பெர்னார்ட் ஷா ஒருவர், பின்னால் அவரே தலைவர். பிறவி இங்கிலீஷ்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, சொந்த பாஷையில் அசை எங்கே விழுகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது என்று ஓட்டுப் போடாத குறையாக விவாதித்திருக்கிறார்கள். 1939இல் யுத்தம் வந்ததோடு கமிட்டி படுத்துவிட்டது. திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது அதே 1939, மே 16. இந்தக் கமிட்டி விவரத்தை வாத்தியாரிடம் சொன்னேன். "அவனுங்களுக்கே தெரியலையா?" என்று முதல் முறையாகச் சிரித்தார்.

நிற்க. அவருக்கு எழுதிக் கொடுத்தது இப்படி: செஸ் – குவி – சென் – டென் – னி – யல். நாலாவது துண்டுக்கு அடியில் தடியாக ஒரு கோடு. அழுத்தம் அங்கே விழவேண்டும். நம் வாய்க்கு இதுதான் கஷ்டம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை. இங்கிலீஷில் ஒருத்தனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மற்றவர்களை மிதித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் அந்த 'ஸ்க்வி'. மூன்று மெய் ஒட்டிக்கொண்டு வருவது தமிழ் நாக்குக்கு ஆகாது, நடுவில் ஒரு 'உ' போட்டுக்கொள்ளும். போடட்டும், 'செஸ்குவி' என்றால் ஒருத்தரும் தூக்கில் போடப் போவதில்லை. ஆனால் 'ஸ்'ஸையும் 'க்'கையும் இடம் மாற்றிவிட்டால் அரங்கமே வேறு மாதிரிச் சிரிக்கும். அதுவும் பள்ளிக்கூட விழாவில். (புரியாதவர்கள் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது.)

உச்சரிப்பை ரெண்டு நாளில் பிடித்துக்கொண்டார். ஆனால் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? "சொல்றது இருக்கட்டும்யா, செஸ்குவின்னா என்ன?" என்று பிடித்துக்கொண்டார். லத்தீனில் 'செமிஸ்' என்றால் அரை, 'க்வே' என்றால் 'உம்', ரெண்டும் தேய்ந்து ஒட்டி 'செஸ்க்வி', அதாவது 'அரையும்'. ஒன்றைச் சொல்லாமலே 'ஒன்றும் அரையும்' என்று அர்த்தம் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"ஒண்ணரை. இதுக்கா இத்தனை அமர்க்களம்? உழவர் சந்தையில வெங்காயம் விக்கிற அம்மா நாளைக்கு நூறு தடவை சொல்லுது."

தென்னூர் உழவர் சந்தையில் நின்று காதைக் கொடுத்தால் தெரியும். ஒண்ணேகால், ஒண்ணரை, ஒண்ணே முக்கால். எலெக்ட்ரானிக் தராசு வந்தும் வாய் மாறவில்லை, தராசில் 1.750 என்று எரியும், அந்த அம்மா 'ஒண்ணே முக்கால்' என்றுதான் சொல்லும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த காலத்தில் இதெல்லாம் இன்னும் கீழே, அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி முந்திரி வரை போகும். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. பத்து வயசுப் பையன்கள் இதற்கெல்லாம் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். 1957 ஏப்ரலில் நயாபைசா வந்தது, அணா போனது, கீழ்வாய்க் கணக்கும் கூடவே போய்விட்டது. காலும் அரையும் முக்காலும் மட்டும் தப்பித்து நிற்கின்றன.

ஒன்று யோசித்திருக்கிறீர்களா? ஒன்றேகால், ஒன்றேமுக்கால் இரண்டிலும் நடுவில் ஓர் 'ஏ' இருக்கிறது. ஒன்றரையில் மட்டும் ஏன் இல்லை? 'ஒன்றேயரை' என்று யாருமே சொல்வதில்லையே?

இதற்குத் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. எழுத்ததிகாரம், தொகைமரபு. ஓர் அளவோடு அதைவிடச் சின்ன அளவு சேரும்போது நடுவில் 'ஏ' என்ற சாரியை வரும் என்று ஒரு சூத்திரம். 'அரை' என்ற சொல் சேரும்போது அந்தச் சாரியை வராது என்று உடனேயே இன்னொரு சூத்திரம். இரண்டாயிரம் வருஷமோ, கொஞ்சம் குறைவோ, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அன்றைக்கு எழுதிவைத்த விதியை, தொல்காப்பியம் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்படாத வெங்காயக்கார அம்மா இன்று காலைவரை மீறவில்லை. லத்தீன்காரன் அரையை ஒட்டவைக்க 'க்வே' என்று ஒரு பசை தேடினான். தமிழன் காலுக்கும் முக்காலுக்கும் 'ஏ' என்ற பசையைத் தடவினான், அரைக்கு அதுகூட வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

இதைச் சொன்னதும் வாத்தியார் வரவேற்புரைக் காகிதத்தின் ஓரத்தில் எதையோ பென்சிலால் எழுதிக்கொண்டார். என்ன என்று காட்டவில்லை.

விழாவில் நான் கடைசி வரிசை. முதல் செஸ்குவிசென்டென்னியலை ஒரு பிசிறில்லாமல் சொன்னார். அழுத்தம் டென்னில்தான் விழுந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையைச் சரியாகச் சொன்னால் கிடைக்கும் பரிசு அவ்வளவுதான், ஒருத்தரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது இடம் வந்தபோது காகிதத்தை மடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். "இவ்வளவு பெரிய வார்த்தைக்கு அர்த்தம் வேறொண்ணுமில்லை. ஒன்றரை நூற்றாண்டு. நான் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒண்ணரை வாய்ப்பாடு தப்பாச் சொல்லி முட்டி போட்டவன்" என்றார். பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் முகம் சுளித்ததையும் பார்த்தேன். அச்சடித்த உரையில் இல்லாததைப் பேசிவிட்டாராம்.

இங்கிலீஷ்காரர்கள் கதைக்கு வருவோம். 150க்கு ஒரு சொல் கிடைத்தது. 125க்கு? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டெலவன் என்ற சின்ன ஊருக்கு 1962இல் 125 வருஷம் வந்தது. விழா எடுக்கவேண்டும், வார்த்தை இல்லை. ஃபங்க் அண்ட் வாக்னல்ஸ் அகராதிக் கம்பெனியில் இருந்த ராபர்ட் சாப்மன், செஸ்க்வி மாதிரியே கால் என்ற லத்தீன் சொல்லைத் தேய்த்து 'க்வாஸ்க்விசென்டென்னியல்' என்று ஒன்றைச் செய்து கொடுத்தார். அதாவது ஒன்றேகால் நூற்றாண்டு. 175க்கு இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஆளுக்கொரு கூட்டுச் சொல் செய்து வைத்திருக்கிறார்கள், சிலவற்றை எழுதினால் அடுத்த வரிக்கு மடக்கவேண்டியிருக்கும், ஒன்றும் நிலைக்கவில்லை. 250க்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2016இல் கமிஷன் அமைத்தபோது 'செமிக்வின்சென்டென்னியல்' என்று பெயர் வைத்தது. ஐந்நூறில் பாதியாம். சுதந்திரத்தின் 250ஆவது வருஷமான 2026க்கு அதுதான் சர்க்கார் வார்த்தை. ஜனங்கள் '250' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

விழாக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த வைரவிழா, பவளவிழா குழப்பம் வேறு உண்டு. வைரம் என்பது 75க்குத்தான் முதலில் இருந்தது. 1897இல் விக்டோரியா மகாராணி அறுபது வருஷத்துக்கே அதைக் கொண்டாடிவிட்டதால் வைரம் அறுபதுக்கு இறங்கியது. நாம் 60க்கு வைரம், 75க்குப் பவளம் என்று வைத்துக்கொண்டோம். நூறுக்கு மேலே போனால் தங்கமும் வைரமும் தீர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து எண்ணைத்தான் நம்பவேண்டும்.

ஹொரேஸ் என்ற ரோமானியக் கவிஞர், பகட்டான நீள வார்த்தைகளை 'ஒன்றரை அடி நீள வார்த்தைகள்' என்று கிண்டல் செய்தாராம். அங்கேயும் இதே 'செஸ்க்வி'தான். அதிலிருந்து வந்த 'செஸ்க்விபெடேலியன்' இன்றும் இங்கிலீஷில் நீட்டி முழக்குபவர்களைக் குறிக்கும். நம் பக்கத்தில் ஒன்றே முக்கால் அடி என்றால் என்ன? முதல் அடியில் நாலு சீர், இரண்டாவதில் மூன்று. தமிழ்நாட்டில் எந்த மேடையில் யார் மைக்கைப் பிடித்தாலும் பத்து நிமிஷத்துக்குள் 'ஒன்றே முக்கால் அடியில் உலகை அளந்த வள்ளுவன்' வந்துவிடும். முக்காலும் 'ஏ'யும் மேடைக்கு ஏற்ற தமிழில்லை என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

அப்புறம் ஏன் அழைப்பிதழில் மட்டும் 'நூற்று எழுபத்தைந்தாவது ஆண்டு விழா' என்று நீட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது. அதற்கு 175 வந்தது 2019. திருச்சி நகராட்சிக்கு 175 வரப்போவது 2041. வாத்தியாரின் ஆலோசனை: 'ஒன்றே முக்கால் நூற்றாண்டு விழா' என்று பேனர் அடிக்கலாம், எழுத்தும் மிச்சம், இங்கிலீஷ்காரனுக்கு இன்னும் கிடைக்காத வார்த்தையும் நம்மிடம் இருக்கிற மாதிரி ஆச்சு. மேயராக அப்போது யார் இருக்கிறார்களோ, அவர்கள் கவனத்துக்கு.